திருத்தம் ஏழு

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது மாடி.
வெளியே நாற்பத்தொன்று.
என் திரையில் மைனஸ் இருபத்தாறு.
நான் வரைவது வெந்நீர்த் தொட்டி,
ஆறு பேர் கழுத்தளவு அமிழ்ந்து
பனி பெய்வதைப் பார்த்திருக்க.

வெந்நீரில் குளிக்க வேண்டுமென்றால்
எனக்குக் காய்ச்சல் வர வேண்டும்.

முதல் வரைபடத்தில் நான் நினைத்ததெல்லாம்
உள்ளே உட்காருகிறவர்களை.
முதுகுக்கு ஒரு வளைவு, குவளை வைக்கக் குழி,
நீருக்கடியில் நீல விளக்கு.
திரும்பி வந்தது, ஒற்றை வரியோடு:
'இதைக் கழுவப்போவது யார்?'

கழுவுகிறவர்.
அவர் பெயரை யாரும் தரவில்லை.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில்
கையுறைக்கு மேல் கையுறை மாட்டி
பனியில் மண்டியிட்டு
பக்கப் பலகையின் எட்டுத் திருகாணிகளைக்
கழற்ற வேண்டும் அவர்.
எட்டு. நான்தான் போட்டேன்.
வரைபடத்தில் அழகாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, மாதிரிப் பலகையைப் பையில் வைத்துக்கொண்டு
காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரிக்குப் போனேன்.
'மீனுக்காக்கா, பொணத்துக்கா?' என்றான் எத்திராஜ்.
'ஸ்க்ரூவுக்கு' என்றேன்.

ஐஸ் பார்களுக்கு நடுவே பலகையை நட்டு
இரண்டு அடுக்குக் கையுறையோடு குனிந்தேன்.
முதல் திருகாணி வந்தது.
இரண்டாவது வந்து, நழுவி,
ஐஸ் தூளில் விழுந்தது. இன்றுவரை அங்கேதான்.
ஐந்தாவதில் விரல்கள் என்னுடையவை இல்லை.
பார்த்துப் பொறுக்காமல் எத்திராஜ்
கட்டையால் ஒரு தட்டு தட்டினான்.
திறந்துகொண்டது.
உடைந்தது என்றும் சொல்லலாம்.

திருத்தம் மூன்று: திருகாணி கிடையாது.
முஷ்டியால் தட்டினால் விடும் ஒரே கொக்கி,
பலகையை விட்டுக் கழலாதது.

அப்புறம் வடிகால்.
கொரட்டூரில் எங்கள் மொட்டைமாடி சின்டெக்ஸுக்கு
வெளிக்குழாய் இரண்டங்குலம் மேலே.
அந்த இரண்டங்குலத்தில்
சேறு, கொசுப்புழு, போன வருடத்து வேப்பம்பூ.
பாதி உடம்பு உள்ளே தொங்க
டம்ளரால் மொண்டு, பழைய நைட்டியால் ஒற்றி எடுப்பேன்,
எவன்டா இதை வரைந்தவன் என்று
தொட்டிக்குள் எதிரொலிக்கத் திட்டியபடி.
அதே இரண்டங்குலம் அங்கே நின்றால்
ஒரே இரவில் கல்லாகிக் குழாயைப் பிளந்துவிடும்.
ஆகவே வடிகாலை அடிக்கும் அடியில் இறக்கினேன்.
எல்லாக் குழாய்களுக்கும் சாய்வு கொடுத்தேன்,
வால்வைத் திறந்தால் கடைசிச் சொட்டும்
யாரும் சொல்லாமலே இறங்கிப் போக.
பம்ப்பை மூலையில் ஒளிக்கவில்லை.
பலகையைத் திறந்ததும் முகத்துக்கு நேரே அதுதான்.

நாலு பத்துக்குக் கீழ்வீட்டு சுலைகாவின் போன்:
'லாரி வந்தாச்சு, உன் குடம் எங்கடி?'
தொட்டியின் கொள்ளளவு ஆயிரத்து நானூறு லிட்டர்.
அதைக் குடங்களாக மாற்றிப் பார்ப்பதை
எப்போதோ நிறுத்திவிட்டேன்.
தொண்ணூற்று மூன்று.

பிப்ரவரியில் ஒரு புகைப்படம் வந்தது.
முகம் இல்லை. கொக்கியின் மேல் பருத்த கையுறை ஒன்று.
மூடியெங்கும் முழம் உயரத்துக்குப் பனி.
இடது மூலையில் மட்டும் பனி இல்லை.
அங்கே சாம்பல் நிறப் பூனை
சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.
'எல்லாம் நன்று. பூனைக்கும் பிடித்திருக்கிறது.'

மேனேஜர் சிரித்தார், எல்லோருக்கும் காட்டினார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பனி நிற்காத இடத்தில் சூடு கசிகிறது.
மூடியின் மடிப்பில் நுரை மெலிந்திருக்கிறது.
யாரோ ஒருவரின் கரண்ட் பில்
வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

திருத்தம் ஏழு: இடது மூலை,
நுரை நான்கு சென்டிமீட்டர் கூடுதல்.

கோடு போட்டுவிட்டேன்.
சேமிக்கவில்லை.
அப்போது பார்த்து ஏ.சி. நின்றது, விளக்கு நின்றது,
யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது,
பத்து நிமிடம்தான் தாங்கும்.
அந்தப் பத்து நிமிடமும்
பூனையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது.